இயல் 7: ஏற்றுமதிக் கோப்பிலிருந்து புதிய தளத்திற்கு – இறக்குமதிச் செருகுநிரலும் சிற்பப் பட்டறையின் படங்களும்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையை ஒட்டி அமைந்துள்ள அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊராகும். வாகை, மா, வேம்பு, ஈட்டி முதலிய மரங்களின் ஒற்றைத் துண்டிலிருந்து தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் தேர்ச்சிற்பங்களையும் செதுக்கி எடுக்கும் இவ்வூர்க் கைவினைக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. செதுக்கி முடித்த சிற்பம் பட்டறையில் தங்குவதில்லை. கோயிலுக்கோ கடைக்கோ வீட்டுக்கோ போய்விடுகிறது. அது எந்த அளவில், எந்த மரத்தில், எந்த அமைப்பில் செய்யப்பட்டது என்பதற்குப் பட்டறையில் மிஞ்சுவது எடுத்துவைத்த படமும் அதனோடு எழுதிய நாலு வரிக் குறிப்புமே. அடுத்து வரும் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கும், அதே உருவத்தை மறுபடி செய்வதற்கும், இளைய தச்சர்கள் பார்த்துப் பழகுவதற்கும் இவையே ஆதாரம் என்பதால், இத்தகைய பட்டறையின் இணையதளத்தை விளம்பரப் பலகையாக மட்டும் கருதாமல் தொழிலின் ஆவணக் காப்பகமாகவே கருத வேண்டும்.

இவ்வாறான தளங்கள் பலவும் இலவச வலைப்பதிவில் தொடங்கி, தொழில் வளர்ந்தபின் சொந்த முகவரிக்கும் சொந்தத் தளத்துக்கும் மாற விரும்புகின்றன. அந்த மாற்றத்தில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டாமல், மொத்தமாகக் கொண்டுசேர்க்கும் கருவியே இறக்குமதிச் செருகுநிரல். செருகுநிரல் என்பது ஒரு மென்பொருளின் அடிப்படை நிரலைத் தொடாமல், அதனோடு இணைந்து கூடுதல் பணி ஒன்றைச் செய்துதரும் சிறிய நிரலாகும். அன்றாடப் பேச்சில் பிளகின் என்பதும் இதுவே. இவ்வியலில் பிளாகர் தளத்தில் சில நூறு பதிவுகளைக் கொண்ட ஒரு சிற்பப் பட்டறை வேர்ட்பிரஸுக்கு மாறுவதாகவும், பின்னர் ஒரு வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதாகவும் எடுத்துக்காட்டு கொள்ளப்படுகிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: இறக்குமதிக் கருவி எழுத்தைப் பத்திரமாகக் கொண்டுவருகிறது, படத்தைக் கொண்டுவருவதாக எண்ணிக்கொள்ள இடம் தருகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் பழைய தளத்தை மூடிவிடுவதே இப்பணியில் நேரக்கூடிய மிகப் பெரிய இழப்பு.

ஏற்றுமதிக் கோப்பின் உள்ளே இருப்பது

பிளாகர் 1999ஆம் ஆண்டு பைரா லேப்ஸ் நிறுவனத்தால் தொடங்கப்பட்டு 2003இல் கூகுளின் கைக்கு வந்தது. அதே 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்னும் பழைய கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு வேர்ட்பிரஸை வெளியிட்டனர். தமிழில் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அவற்றை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004இல் தோன்றியது. 2007 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 2.1 பதிப்பில், தளத்தின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கவும் அதே கோப்பை வேறொரு தளத்தில் உள்ளிடவும் வழி செய்யப்பட்டது. 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பில் இறக்குமதிக் கருவிகள் மைய நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்தனிச் செருகுநிரல்களாக்கப்பட்டன. ஒரு தளத்தின் வாழ்நாளில் ஓரிரு முறையே தேவைப்படும் கருவி எப்போதும் உள்ளே கிடக்க வேண்டியதில்லை என்பது நல்ல முடிவே. இறக்குமதி முடிந்ததும் செருகுநிரலை நீக்கிவிடலாம் என்பதும் இதனால் பெறப்படும்.

வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் அமைந்தது. எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு தகவலையும் அதன் பெயர் பொறித்த இரு அடைப்புகளுக்கு நடுவே வைத்து எழுதும் முறை. எனவே அக்கோப்பைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தாலே மனிதக் கண்ணால் படிக்க முடியும். செய்தியோடை எனப்படும் ஆர்எஸ்எஸ் வடிவத்தை விரித்து அமைத்ததால் இதற்கு டபிள்யூஎக்ஸ்ஆர் என்று பெயர். பிளாகர் தரும் காப்புக் கோப்பு ஆட்டம் என்னும் வேறொரு ஓடை வடிவத்தைப் பின்பற்றுகிறது. இரண்டும் வெவ்வேறு வடிவங்கள் ஆதலால், இரண்டுக்கும் தனித்தனி இறக்குமதிச் செருகுநிரல்கள் உள்ளன. ஒன்றின் கோப்பை மற்றொன்றில் கொடுத்தால் ஏற்காது.

புதிதாக இப்பணியில் இறங்குபவர் கோப்பை ஒருமுறை திறந்து, தமக்கு நன்கு தெரிந்த ஒரு பதிவைத் தேடிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். ஐந்து அடி உயர நடராசர் சிற்பத்தைப் பற்றிய பதிவு என்று கொண்டால், அங்கே தலைப்பு இருக்கும். எழுதியவர் பெயர் இருக்கும். வெளியான நாளும் நேரமும் இந்திய நேரப்படி ஒன்றும் கிரீன்விச் நேரப்படி ஒன்றுமாக இருக்கும். பதிவின் முழு உரையும், வகைகளும், குறிச்சொற்களும், அதற்கு வந்த மறுமொழிகளும் அடுத்தடுத்து வரும். நடராசரின் படம் இருக்க வேண்டிய இடத்திலோ ஓர் இணைய முகவரி மட்டுமே காணப்படும். படம் அந்த முகவரியில், பழைய வழங்கியில், அதாவது தளத்தின் கோப்புகளை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினியில் இருக்கிறது, கோப்பினுள் இல்லை. சில நூறு பதிவுகளும் ஆயிரக்கணக்கான படங்களும் கொண்ட ஒரு தளத்தின் ஏற்றுமதிக் கோப்பு இரண்டு மூன்று மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுவதற்குக் காரணம் இதுவே. அதைப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டு தளம் முழுவதையும் காப்பெடுத்துவிட்டதாக நிம்மதி அடைவது, சரக்கு வராமல் சரக்குச் சீட்டை மட்டும் வாங்கிப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

கோப்பில் இல்லாதவை வேறு சிலவும் உண்டு. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புரு, நிறுவியிருந்த மற்றச் செருகுநிரல்கள், அவற்றின் அமைப்புகள், பயனர்களின் கடவுச்சொற்கள் ஆகியவை டபிள்யூஎக்ஸ்ஆர் கோப்பில் இடம்பெறுவதில்லை. இவற்றைப் புதிய தளத்தில் மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோப்பில் இருப்பவற்றுள் ஒன்று தனியாகக் கவனிக்கத்தக்கது. மறுமொழி எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரியும் அவர்கள் பயன்படுத்திய இணைப்பின் ஐபி எண்ணும் அதில் பதிவாகியிருக்கும். சிற்பம் வேண்டிக் கேட்டவர்கள் மறுமொழியிலேயே தம் கைபேசி எண்ணை எழுதிவிட்டுச் செல்வதும் வழக்கம். இத்தகைய தகவல்களைக் காக்கும் பொறுப்பை 2023ஆம் ஆண்டின் எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. ஆகவே ஏற்றுமதிக் கோப்பைத் தளத்தின் பொதுக் கோப்புறையில் விட்டுவைப்பதோ, உதவி கேட்டு அறிமுகமற்றவருக்கு அனுப்புவதோ கூடாது.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

புதிய தளத்தின் அமைப்புப் பக்கத்தில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றிக்கொள்வது முதல் வேலை. இயல்பாக அது உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுவது. ஓடை வடிவிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும் கருவியில் இதைச் சரிசெய்யாவிட்டால், மாதத்தின் முதல் நாள் விடியற்காலை எழுதிய பதிவு முந்தைய மாதக் கணக்கில் விழுந்து, ஆண்டும் மாதமும் கொண்ட அதன் முகவரியே மாறிப்போக வாய்ப்புண்டு.

அடுத்தது அளவு வரம்பு. வேர்ட்பிரஸ் இயங்கும் பிஎச்பி மொழியின் இயல்பான அமைப்பில் பதிவேற்றும் கோப்பு 2 மெகாபைட்டுக்குள்ளும், ஒரு நிரல் ஓடும் நேரம் 30 நொடிக்குள்ளும் இருக்க வேண்டும். வழங்கியில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் இதை உயர்த்தி வைத்திருக்கின்றன என்றாலும், வரம்பு எவ்வளவு என்பது இறக்குமதிப் பக்கத்திலேயே காட்டப்படுவதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்வது நலம். கோப்பு பெரிதாக இருந்தால், வேர்ட்பிரஸ் ஏற்றுமதிப் பக்கத்தில் பதிவுகளை நாள் வரம்பு வைத்துப் பிரித்தெடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு கோப்பு என்பது கையாள எளிது. கட்டளை வரியில் பழக்கமுள்ளவர்கள் டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் கருவியைப் பயன்படுத்தினால், உலாவி வழியாக ஓடும்போது எழும் நேர வரம்புச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

பிளாகரிலிருந்து வருபவர் அதன் அமைப்புகள் பக்கத்தில் காப்பெடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம், அல்லது கூகுளின் டேக்அவுட் சேவை வழியாகத் தொகுப்பைப் பெறலாம். டேக்அவுட் தரும் கோப்பின் அமைப்பு பழைய காப்புக் கோப்பின் அமைப்போடு முழுவதும் ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிறுவப்போகும் செருகுநிரல் எந்த வடிவத்தை ஏற்கிறது என்பதை அதன் விளக்கப் பக்கத்தில் படித்தறிந்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

முழுக் கோப்பையும் நேரே பொதுத் தளத்தில் ஏற்றுவதைவிட, சொந்தக் கணினியிலோ தனிக் கோப்புறையிலோ ஒரு சோதனைத் தளத்தை அமைத்து, முதலில் ஒரு மாதத்துப் பதிவுகளை மட்டும் ஏற்றிப் பார்ப்பதே சரியான முறை. பிழை எங்கே வரும் என்பது அந்தச் சில பதிவுகளிலேயே தெரிந்துவிடும்.

செருகுநிரல் செய்யும் வேலை

வேர்ட்பிரஸின் கருவிகள் பட்டியலில் இறக்குமதி என்பதைத் தேர்ந்தால், பல்வேறு தளங்களின் பெயர்கள் வரிசையாகக் காட்டப்படும். உரிய பெயருக்கு நேரே உள்ள இணைப்பை அழுத்திச் செருகுநிரலை நிறுவி, கோப்பைத் தேர்ந்து பதிவேற்றினால், அடுத்த பக்கத்தில் வேர்ட்பிரஸ் இறக்குமதிக் கருவி இரண்டு கேள்விகளைக் கேட்கும். பழைய தளத்தில் எழுதியவர்களைப் புதிய பயனர்களாக உருவாக்குவதா, அல்லது ஏற்கெனவே இருக்கும் பயனர் ஒருவரின் பெயரில் சேர்ப்பதா என்பது முதற்கேள்வி. பட்டறையில் தந்தை எழுதியவையும் மகன் எழுதியவையும் தனித்தனியே அறியப்பட வேண்டுமாயின், இங்கேயே இருவருக்கும் தனிப் பயனர் பெயர் தருவது நல்லது. எல்லாவற்றையும் நிர்வாகி என்ற ஒரே பெயரில் சேர்த்துவிட்டால் பின்னர் பிரிப்பது கடினம். இணைப்புக் கோப்புகளை இறக்கிச் சேர்ப்பதா என்பது இரண்டாம் கேள்வி. இதற்குரிய சிறு கட்டத்தில் குறியிடாமல் விட்டால் பழைய தளத்தின் படங்கள் எவையும் புதிய தளத்துக்கு வாரா. அந்தக் கட்டம் இயல்பாகக் குறியிடப்படாமல் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் செருகுநிரல் கோப்பைப் படித்து, முதலில் வகைகளையும் குறிச்சொற்களையும் உருவாக்கி, பிறகு ஒவ்வொரு பதிவையும் தரவுத்தளத்தில் எழுதுகிறது. ஒரு பதிவை எழுதுமுன், அதே தலைப்பும் அதே நாளும் நேரமும் கொண்ட பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும். இதனால் பாதியில் இணைப்பு அறுந்தாலோ நேர வரம்பு முடிந்து பக்கம் வெறுமையாக நின்றாலோ பதற வேண்டியதில்லை; அதே கோப்பை மறுபடியும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இடையில் ஒரு பதிவின் தலைப்பைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால், கருவி அதைப் புதிய பதிவாகக் கருதி இரட்டிப்பாக்கும். இறக்குமதி முற்றிலும் முடியும்வரை புதிய தளத்தில் எதையும் திருத்தாமல் இருப்பது இதனால் கட்டாயமாகிறது.

பிளாகரில் பதிவுகளுக்கு இட்ட குறிச்சொற்கள் வேர்ட்பிரஸில் வகைகளாக வந்து சேர்வதுண்டு. பல ஆண்டுகளில் பலவாறாக எழுதிய பெயர்கள், உதாரணமாக வாகை, வாகைமரம், வாகை மரம் என்ற மூன்றும், மூன்று வகைகளாக நிற்கும். அவற்றை ஒன்றாக்க வேண்டும். ஊர்ப் பெயர்களிலும் இதே வேலை உண்டு. அரியலூர் 2007 நவம்பரில்தான் பெரம்பலூரிலிருந்து மீண்டும் தனி மாவட்டமானது என்பதால், அதற்கு முந்தைய பதிவுகளில் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கோயில் வேலைகள் பெரம்பலூர் மாவட்டம் என்ற குறிச்சொல்லின் கீழ் இருக்கக்கூடும்.

படங்கள்

பிளாகர் பதிவொன்றில் படம் சேர்க்கும்போது அது கூகுளின் வழங்கியில் சேமிக்கப்பட்டு, அதன் முகவரி மட்டும் பதிவில் எழுதப்படுகிறது. இறக்குமதிக்குப் பிறகும் அந்த முகவரி மாறாமல் இருந்தால், புதிய தளத்தைத் திறப்பவர் கண்ணுக்குப் படங்கள் எல்லாம் சரியாகவே தெரியும். உண்மையில் அவை அப்போதும் கூகுளின் வழங்கியிலிருந்தே வந்துகொண்டிருக்கும். ஒருவர் தம் பழைய வலைப்பதிவையும் படத் தொகுப்புகளையும் தேவையில்லை என்று அழித்துவிட்டால், புதிய தளத்திலும் படங்கள் இருந்த இடமெல்லாம் வெறுங்கட்டங்களாகிவிடும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு: படத்தின் மேல் வலச்சொடுக்கி அதன் முகவரியைப் பார்க்க வேண்டும், புதிய தளத்தின் பெயர் அதில் இருந்தால்தான் படம் வந்து சேர்ந்ததாகப் பொருள். இறக்குமதிக் கருவியின் அறிவிப்பு எதுவாக இருந்தாலும், இந்தச் சோதனையே தீர்ப்பு.

பிளாகர் படங்களில் இன்னொரு நுட்பம் உள்ளது. படத்தின் முகவரியில் எஸ் என்ற எழுத்தை அடுத்து ஓர் எண் வரும். அது படத்தின் நீண்ட பக்கம் எத்தனை படப்புள்ளிகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். எஸ்320 என்றால் 320 புள்ளிகள். எஸ்1600 என்றால் 1600 புள்ளிகள். எஸ்0 என்பது ஏற்றியபடியே உள்ள மூல அளவு. பதிவின் உரையில் பெரும்பாலும் சிறிய படமே இடம்பெற்று, அதைச் சொடுக்கினால் பெரிய படம் திறக்கும்படி இணைப்பு தரப்பட்டிருக்கும். உரையில் தெரிவதை மட்டும் இறக்கும் கருவி சிறியதைக் கொண்டுவந்துவிட்டு வேலை முடிந்ததென்று சொல்லும். செய்திப் படமாயின் இது பெரிய குறையன்று. சிற்பத்தின் படத்திலோ 320 புள்ளியில் மகுடத்தின் வேலைப்பாடு ஒரு கருந்திட்டாகத்தான் தெரியும். 1600 புள்ளியில்தான் மணிக்கோவையின் ஒவ்வொரு மணியும், ஆடை மடிப்பில் உளி திரும்பிய இடமும், மரத்தின் நார் ஓடும் திசையும் புலப்படும். அதைப் பார்த்து மீண்டும் செதுக்கப் போகிறவருக்குச் சிறிய படத்தால் பயனில்லை.

ஆகவே வெளி வழங்கியில் உள்ள படங்களை இறக்கித் தளத்தின் ஊடக நூலகத்தில் சேர்க்கும் செருகுநிரலைத் தேர்ந்தெடுக்கும்போது, அது உரையில் உள்ள சிறு படத்தை எடுக்கிறதா, இணைப்பில் உள்ள பெரிய படத்தை எடுக்கிறதா என்பதைச் சோதனைத் தளத்தில் பார்த்தறிய வேண்டும். சிறியதை மட்டுமே எடுக்கும் கருவியாயின், ஓட்டுமுன் ஏற்றுமதிக் கோப்பின் நகல் ஒன்றில் எஸ்320 என்பதை எஸ்1600 என்று மொத்தமாக மாற்றிக்கொள்வது பலன் தரும். கைபேசியில் மூலப்படம் இருக்கிறதே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. கைபேசிகள் மாறிவிடுகின்றன, வாட்ஸ்அப் வழியாகப் பகிர்ந்த படமோ சுருக்கப்பட்டு, எடுத்த நாள் முதலிய உட்குறிப்புகளை இழந்து வருகிறது. பத்தாண்டுக்கு முந்தைய சிற்பத்தின் மிகப் பெரிய, மிகத் தெளிவான படம் அந்தப் பழைய வலைப்பதிவில் இருப்பதொன்றாகவே இருக்க முடியும்.

வேர்ட்பிரஸிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறும்போது, செருகுநிரல் பழைய வழங்கியைத் தொடர்புகொண்டு ஒவ்வொரு படமாக இறக்குகிறது. எனவே அந்நேரத்தில் பழைய தளம் உயிரோடு இருப்பதும், கடவுச்சொல் கேட்டு வாயிலில் நிறுத்தாமல் இருப்பதும் வேண்டும். இறக்கிய ஒவ்வொரு படத்துக்கும் வேர்ட்பிரஸ் 150, 300, 768, 1024 என்று பல அளவுகளில் நகல்களை உருவாக்குகிறது. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பு முதல் 1536, 2048 அளவுகளும் சேர்ந்துள்ளன. இன்றைய கைபேசியில் எடுத்த ஒரு படத்துக்கு இத்தனை நகல் எடுக்க வழங்கிக்கு நேரம் பிடிப்பதால், இறக்குமதி பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் படங்களே காரணமாகின்றன. பழைய தளத்தின் பதிவேற்றக் கோப்புறையை எஃப்டிபி என்னும் கோப்புப் பரிமாற்ற முறை வழியாக முழுவதுமாக இறக்கித் தனியே வைத்துக்கொள்வது, வேறு எந்தக் கருவி தவறினாலும் கைகொடுக்கும்.

தமிழ் எழுத்தின் சிக்கல்கள்

யூனிகோட் பரவுமுன் தமிழைக் கணினியில் எழுத டிஸ்கி, டாப், டாம் முதலிய குறியேற்றங்களும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களும் வழங்கின. குறியேற்றம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் ஏற்பாடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாப், டாம் ஆகியவற்றை ஏற்றது; 2010இல் யூனிகோடை ஏற்றது. பழைய தளமொன்றில் பாமினியில் தட்டெழுதிய பக்கங்கள் இருந்தால், கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற வரிசை மட்டுமே. எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டியது. இறக்குமதிக் கருவிக்கு இது தெரிய வழியில்லை. இருந்தபடியே கொண்டுவந்து வைக்கும். இத்தகைய பகுதிகளை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் முன்னதாகவே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். கோப்பு முழுவதையும் மாற்றியில் கொடுத்தால் எக்ஸ்எம்எல் அடைப்புகளில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் தமிழாகிக் கோப்பே கெட்டுவிடும் என்பதால், உரைப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுவது இன்றியமையாதது.

யூனிகோடில் எழுதிய தளத்திலும் தரவுத்தளத்தின் குறியேற்றம் பொருந்தாவிட்டால் எழுத்துகள் சிதையும். அச்சிதைவு இருவகைப்படும், இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளால் ஆனது. அந்தப் பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகளாகத் தவறாகப் படித்தால், தலையில் சாய்கோடு ஏறிய ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஏ’யும் வட்டமிட்ட ‘ஆர்’ குறியும் மாறிமாறி வரிசையாகத் தோன்றும். பார்க்க அச்சமூட்டினாலும் இதில் தகவல் இழப்பில்லை. பைட்டுகள் அப்படியே இருப்பதால் சரியான குறியேற்றத்தில் படிக்கச் செய்தால் தமிழ் மீளும். தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக இருந்தால் நிலைமை வேறு. தரவுத்தளம் தனக்குத் தெரியாத எழுத்தை விழுங்கிவிட்டுக் கேள்விக்குறியை எழுதிக்கொண்டது என்று பொருள். அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. புதிய தளத்தைத் துடைத்துவிட்டுக் குறியேற்றத்தைத் திருத்தி மீண்டும் இறக்குமதி செய்வதொன்றே வழி. 2015 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 4.2 முதல் யூடிஎஃப்8எம்பி4 என்னும் குறியேற்றமே இயல்பாக அமைவதால், புதிதாக நிறுவும் தளங்களில் இச்சிக்கல் அரிது; பழைய தரவுத்தளத்தை மறுபயன்பாட்டுக்கு எடுப்பவரே விழிப்பாக இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சிதைவும் ஒன்றுண்டு. கொ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு. பழைய மாற்றிகள் சில இரண்டாம் முறையில் எழுதிவிடுவதால், தளத்தின் தேடுபெட்டியில் கொற்றவை என்று தேடுபவருக்குக் கொற்றவைச் சிற்பம் பற்றிய பதிவு அகப்படாமல் போகலாம். யூனிகோட் இயல்பாக்கம் எனப்படும் செயலை ஏற்றுமதிக் கோப்பில் ஒருமுறை செய்துவிட்டால் இக்குறை தீரும்.

முகவரிகளைக் காத்தல்

பதிவின் தலைப்பிலிருந்து அதன் நிரந்தர முகவரியின் கடைசிப் பகுதி உருவாகிறது. பிளாகர் தமிழ்த் தலைப்பை முகவரியாக்குவதில்லை. பிளாக்-போஸ்ட் என்ற சொல்லோடு ஓர் எண்ணைச் சேர்த்து வைத்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கிறது. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளும் விழுக்காட்டுக் குறியோடு எழுதப்படும்போது ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கின்றன. தரவுத்தளத்தில் அதற்கு ஒதுக்கியிருப்பதோ 200 இடங்கள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் 22 குறிகளுக்கு மேல் இடமில்லை. அரும்பாவூர் மரச்சிற்பங்கள் என்ற தலைப்பில் முதற்சொல்லுக்கு 11 குறிகள், இரண்டாம் சொல்லுக்கு 14 குறிகள். ஆக முகவரி ‘அரும்பாவூர்-மரச்சிற்பங்’ என்று அறுந்து நிற்கும். நீண்ட தலைப்புள்ள இரு பதிவுகள் தொடக்கத்தில் ஒத்திருந்தால் இரண்டாவதன் வாலில் வெறும் எண் ஒன்று ஒட்டிக்கொள்ளும். எனவே புதிய பதிவுகளுக்கு மூன்று சொல்லுக்குள் சுருக்கமான முகவரியைக் கையால் எழுதித் தருவதே நன்று.

பழைய பதிவுகளின் நிலை வேறு. அவற்றின் முகவரிகள் வாடிக்கையாளர்களின் கைபேசிகளிலும் தேடுபொறிகளிலும் பதிந்துள்ளன. வலைப்பதிவு ஏற்கெனவே சொந்த முகவரியில் இயங்கியிருந்தால், வேர்ட்பிரஸின் நிரந்தர இணைப்பு அமைப்பில் ஆண்டு, மாதம், பதிவுப் பெயர், இறுதியில் எச்டிஎம்எல் என்ற அதே வரிசையை வைத்து, பதிவுப் பெயர்களும் பழையபடியே அமைந்துள்ளனவா என்று பார்த்துக்கொண்டால் பழைய இணைப்புகள் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். மாறிப்போனவற்றுக்கு 301 எனப்படும் நிலையான வழிமாற்றை அமைக்கலாம். அது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பி, தேடுபொறிக்கும் மாற்றத்தைத் தெரிவிக்கும். பிளாகர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே இருந்த தளத்துக்கு இவ்வகை வழிமாற்றைச் சொந்தமாக அமைக்க முடியாது. பழைய வலைப்பதிவை அழிக்காமல் வைத்து, அதில் புதிய முகவரியைத் தெளிவாக எழுதி வைப்பதே இயன்ற வழி.

பதிவுகளுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தந்த உள்ளிணைப்புகளையும் பார்க்க வேண்டும். 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களைப் பிளாகர் டாட் காம் முகவரிக்குப் பதில் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டது. அக்காலத்தில் உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய இணைப்புகளில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயரே இருக்கும். அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டுப் போய் வேறொருவரிடம் சேர்ந்தது 2020இல் தெரியவந்தது. அதனால் அவ்விணைப்புகள் பழைய பதிவுக்குச் செல்லும் என்று நம்ப முடியாது. தரவுத்தளத்தில் தேடி மாற்றும் செருகுநிரலைக் கொண்டு இவற்றை மொத்தமாகத் திருத்துவது, அக்காலத்தில் இயங்கிய தமிழ்நாட்டுப் பிளாகர் தளங்கள் பலவற்றுக்கும் பொதுவான வேலை.

பழைய தளத்தை எப்போது விடுவது

சேவைகள் மூடப்படும்போது இறக்குமதிக் கருவியின் அருமை வெளிப்படுகிறது. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் லைவ் ஸ்பேசஸ் சேவையை நிறுத்துவதாக அறிவித்தபோது, அதன் பயனர்களை வேர்ட்பிரஸ் டாட் காமுக்கு மாற்ற ஏற்பாடு செய்து, மாறுவதற்கு அடுத்த ஆண்டு மார்ச் வரை காலம் தந்தது. 2009 அக்டோபரில் யாகூவின் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. படங்களையும் பக்கங்களையும் தாமே இறக்கிக்கொள்ளாதவர்கள் பலர் அவற்றை இழந்தார்கள். 2020 டிசம்பரில் மூடப்பட்ட யாகூ குழுமங்களோடு தமிழ் உரையாடல்கள் பலவும் போயின. எனவே மாறும் எண்ணம் இல்லாத பட்டறையும் ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுமதிக் கோப்பையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்வது தக்கது.

மாறிய பட்டறை, பழைய தளத்தை விடுமுன் எண்ணிக்கைகளை ஒப்பிட வேண்டும்: பதிவுகள், பக்கங்கள், மறுமொழிகள், ஊடக நூலகத்தில் உள்ள படங்கள். அதன்பின் ஆண்டுக்கு ஐந்து பதிவுகள் வீதம் குறிப்பின்றி எடுத்து, ஒவ்வொன்றிலும் தமிழ் உரை, படத்தின் முகவரி, படத்தின் அளவு, உள்ளிணைப்பு ஆகிய நான்கையும் திறந்து பார்க்க வேண்டும். இச்சோதனையைச் செதுக்கியவரே உடனிருந்து செய்வது மேல். ஒரு சிற்பத்துக்கு வேறொன்றின் படம் ஒட்டிக்கொண்டிருப்பதை எந்த நிரலும் கண்டுபிடிக்காது, அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். குறைகள் தீர்ந்தபின்னும் பழைய தளத்தை ஓராண்டுக்கு வைத்திருந்து, ஏற்றுமதிக் கோப்பையும் படக் கோப்புறையையும் பட்டறையில் ஒரு வன்தட்டிலும் வெளியூரில் இருக்கும் குடும்பத்தார் ஒருவரிடம் இன்னொன்றிலும் வைத்த பிறகே, பழைய ஹோஸ்டிங் கணக்கைப் புதுப்பிக்காமல் விடலாம்.